இம்லாக் குடும்பக் கல்லறையில் மிச்சமிருக்கும் இடம்

போர்ட்கார்வி, ஸ்காட்லாந்து
2 அக்டோபர் 1956

திரு. வால்டர் இம்லாக் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல், பதினோரு நாள் யோசனைக்குப் பிறகு, முன்னறை மேசையின் விரிப்பை எடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுவது என்று முடிவு செய்தேன். இந்த வீட்டில் முன்னறை இதுவரை நான்கு சவப்பெட்டிகளுக்காகவும் ஒரு பாதிரியாரின் தேநீருக்காகவும் மட்டுமே திறக்கப்பட்டிருக்கிறது. பாதிரியார் அரை மணி நேரம் இருந்தார். முடிவின் கனத்தை நீங்கள் உணர்வீர்கள் என்று நம்புகிறேன். கணப்பில் தீ மூட்டவில்லை. அந்த அளவுக்கு இன்னும் துணியவில்லை.

நான் கிரிசெல் இம்லாக். வயது அறுபத்தெட்டு. இந்த ஊர்த் தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மணமாகாதவள். உங்கள் தகப்பனார் ஜேம்ஸும் என் தகப்பனார் வில்லியமும் உடன்பிறந்தவர்கள். 1862-இல் உங்கள் தகப்பனார் தங்கம் தேடி நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். அதன் பிறகு இரண்டு குடும்பங்களும் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டதில்லை. சண்டை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தபால் நிலையத்தில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான குடும்பங்களுக்கு இதற்குச் சண்டை தேவைப்படுவதில்லை. உங்கள் முகவரியை ஓமாரு தேவாலயத்துக்கு எழுதிப் பெற்றேன்.

விஷயம் இதுதான். நம் தாத்தா அலெக்சாண்டர் 1842-இல் இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்காக ஓர் இடம் வாங்கினார். தாத்தா, பாட்டி, என் அப்பா, அம்மா, அக்கா எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள். இன்னும் ஒரே ஒரு பெட்டிக்கு இடம் இருக்கிறது. குழி வெட்டும் டாட் பைரி இரும்புக் கம்பியை இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஒரு ஆளுக்கு இடம் இருக்கு மிஸ் இம்லாக். ஆள் கொஞ்சம் ஒல்லியா இருந்தா நல்லது.”

“அதுக்குத்தானே அறுபத்தெட்டு வருஷமா கஞ்சி குடிக்கிறேன்” என்றேன்.

கல்லறைக்கான பத்திரம் காணாமல் போய்விட்டது. பத்திரம் இல்லாத கல்லறை மூத்த மகனின் வாரிசுக்குச் சேரும் என்பது இங்கே விதி. என் அப்பாதான் மூத்தவர் என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் கவுண்டி அலுவலக எழுத்தர் திரு. ஸ்ட்ரான் 1841 சென்சஸின் நகலை எடுத்துக் காட்டினார். ஜேம்ஸ், வயது ஐந்து. வில்லியம், வயது இரண்டு.

“பாத்தீங்களா? ஜேம்ஸ்தான் பெரியவரு. நியூசிலாந்துல அவரோட வாரிசு யாராவது இருந்தா, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

“எங்கப்பா தான்தான் மூத்தவன்னு சொல்வாரு.”

“எங்கப்பாவும் நிறைய சொல்வாரும்மா. புஸ்தகத்துல இருக்கணும்ல?”

படிவத்தை இணைத்திருக்கிறேன். கையெழுத்திட வேண்டிய இடம் ஒன்றுதான். அவசரம் எதுவும் இல்லை. எங்கள் மருத்துவர் வேறு மாதிரி நினைக்கிறார், ஆனால் அவர் இளையவர்.

இப்படிக்கு,
கிரிசெல் இம்லாக்


ஓமாரு, நியூசிலாந்து
25 அக்டோபர் 1956

அன்புத் தங்கை கிரிசெலுக்கு,

என் அப்பா மூத்தவர் என்று உங்கள் அரசாங்கமே சொல்வதால், உங்கள் அப்பா எனக்குச் சித்தப்பா. நீங்கள் தங்கை. எழுபத்திரண்டு வயதில், முன்னறிவிப்பில்லாமல், தபாலில் ஒரு தங்கை. ரயில்வே சரக்குக் கிடங்கில் நாற்பது வருடம் இருந்தவன் நான். அனுப்பியவர் பெயரை நம்பி எந்தப் பொட்டலத்தையும் பிரித்ததில்லை. இதைப் பிரித்துவிட்டேன்.

கையெழுத்துப் போடுவதாக இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி மார்கெரி நான்கு வருடம் முன்பு இறந்தாள். அவளுடைய முதல் கணவரின் பக்கத்தில் அடக்கம் செய்தோம். இரண்டு பேருக்கான இடம் அது. அவர் 1919-இல் இறந்தபோதே அவள் பெயருக்கு இடம் விட்டுக் கல்லைச் செதுக்கியிருந்தார்கள். எனக்கு அதில் குறையில்லை, அவர் முதலில் வந்தவர். கல்லில் ‘இவருடைய அன்பு மனைவி’ என்று இருக்கிறது. அந்த வாக்கியத்தில் என்னை எங்காவது நுழைக்க முடியுமா என்று கல் செதுக்குபவரைக் கேட்டேன். அடிக்குறிப்பாகப் போடலாம் என்றார்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. என் அண்ணன் கலிப்போலிப் போரில் போய்விட்டான். ஆகவே எங்கே போய்ப் படுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வருகிறது, அதில் எனக்கு உரிமையான இடம் ஒன்று இருக்கிறது என்ற செய்தியோடு. நீங்கள் வேறு எதற்காகவோ எழுதியிருந்தாலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

பக்கத்து வீட்டு மிஸஸ் ஹிஸ்லொப்பிடம் சொன்னேன்.

“செத்தப்புறம் எங்க கிடந்தா என்ன வால்ட்?” என்றாள்.

“உனக்கென்ன, உன் புருஷன் பக்கத்துல ரிசர்வ் பண்ணியாச்சு. உக்காந்துட்டுப் போறவளுக்கு, நிக்கிறவன் கஷ்டம் தெரியுமா?”

நான் போன பிறகு உடலை அங்கே கப்பலில் அனுப்புவது பற்றித் துறைமுகத்தில் என் பழைய சிநேகிதன் ஹெக்கையும் விசாரித்தேன். “ஈயப்பெட்டி வேணும். சரக்குப் பட்டியல்ல ‘உபயோகிச்ச வீட்டுச் சாமான்’னு எழுதிடலாம். வேற என்ன எழுதினாலும் கேள்வி கேப்பாங்க” என்றான். நானும் கிடங்கில் இருந்தவன். அவன் சொல்வது சரிதான்.

உங்கள் படிவம் கணப்பின் மேல், கடிகாரத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
வால்டர்


போர்ட்கார்வி
14 நவம்பர் 1956

திரு. இம்லாக் அவர்களுக்கு,

உங்களுக்குத் தங்கை ஆவதற்கு நான் விண்ணப்பம் எதுவும் போடவில்லை.

அந்தக் கல்லறையில் இருப்பவர்களில் ஒருவரையும் நீங்கள் பார்த்ததில்லை. நான் அம்மாவை ஒன்பது வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். பிறகு அப்பா. பிறகு அக்கா. ஒவ்வொரு மே மாதமும் கல்லில் படரும் பாசியைத் தேய்க்கிறேன். கடல் பக்கம் இருக்கும் கல்லாதலால் அது ஒரு நாளில் முடிகிற வேலையில்லை. இதையெல்லாம் செய்தவள் கடைசியில் தோட்டத்தின் மறு கோடியில், மேற்குக் கரையிலிருந்து வந்த சுங்க அதிகாரிகளுக்கு நடுவில் படுக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

திரு. ஸ்ட்ரான் ஒரே புத்தகத்தில் திருப்தியடைகிறவர். நான் அப்படியல்ல. ஜனவரியில் எடின்பரோவுக்குப் போகிறேன். எல்லா ஊர்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் பழைய சென்சஸ் புத்தகங்களும் அங்கேதான் இருக்கின்றன. மூத்தவர் யார் என்பதை உங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கிறேன்.

கிரிசெல் இம்லாக்

பின்குறிப்பு: உங்கள் மனைவி விஷயத்தில் வருந்துகிறேன். கல் செதுக்குபவர் இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்.


ஓமாரு
9 டிசம்பர் 1956

அன்புத் தங்கைக்கு (விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது),

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்த நான்கு வருடத்தில் என்னிடம் யாரும் கோபப்பட்டதில்லை. எல்லாரும் “பாவம் வால்ட்” என்று ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட அப்பம் கொண்டுவந்து தருகிறார்கள். மிஸஸ் ஹிஸ்லொப் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள்.

“நல்லா திட்டறாங்களே வால்ட்.”

“எங்க குடும்பம்.”

“அது தெரியுது. அந்தச் சுங்க அதிகாரிங்க அப்படி என்ன பண்ணாங்க?”

எனக்கும் தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதவும்.

எடின்பரோவில் அந்தப் புத்தகங்களைப் புரட்டும்போது ஓர் உதவி. என் அப்பா எந்த மாதிரி வீட்டில் இருந்தார், எத்தனை பேரோடு இருந்தார் என்று பாருங்கள். ஊரைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். “காத்து ஜாஸ்தி.” நாற்பத்தொன்பது வருடம் இந்த ஊரில் இருந்தார், அந்த இரண்டு சொல்லோடு முடித்துக்கொண்டார்.

நீங்கள் எனக்கு எதிரான ஆதாரம் தேடப் போகும் இடத்தில் எனக்கும் வேலை சொல்வது முறையா என்று யோசித்தேன். எப்படியும் புத்தகம் ஒன்றுதானே.

கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வால்டர்


போர்ட்கார்வி
29 ஜனவரி 1957

திரு. இம்லாக் அவர்களுக்கு,

காலுறையைப் பற்றி எனக்கு யாரும் எழுத வேண்டிய அவசியமில்லை. மூன்று ஜோடி வைத்திருக்கிறேன்.

சுங்க அதிகாரிகள் தவறு எதுவும் செய்யவில்லை. வெளியூர்க்காரர்கள், அவ்வளவுதான்.

எடின்பரோ காப்பகத்தில் பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், பென்சில் மட்டுமே அனுமதி. ஆதலால் அங்கே எழுதிய எல்லாமே அழிக்கக்கூடியவை. புத்தகம் எடுத்துத் தந்த பணியாளர், “யாரைத் தேடுறீங்க?” என்று கேட்டார்.

“எங்கப்பாவை.”

“எல்லாரும் ராஜா யாராவது வர்றாரான்னுதான் தேடுவாங்க.”

“எங்க வம்சத்துல மீன்தான் வரும்.”

1841-ஐ முதலில் பார்த்தேன். அந்த வருடம் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாருடைய வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லி அரசாங்க உத்தரவு. நம் பாட்டிக்கு ஒரே நாளில் நான்கு வயது குறைந்திருக்கிறது, அரசாங்கச் செலவில். குழந்தைகளுக்கு உள்ளபடியே எழுதியிருக்கிறார்கள். ஜேம்ஸ் ஐந்து, வில்லியம் இரண்டு. திரு. ஸ்ட்ரான் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

பிறகு 1851. அதே வீடு, அதே தாத்தா. வில்லியம், பன்னிரண்டு. ஜேம்ஸ், ஏழு.

ஐந்து வயதுப் பையன் பத்து வருடம் கழித்து ஏழு வயதாக இருக்க முடியாது. போர்ட்கார்வியில் காற்று ஜாஸ்திதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

இங்குள்ள வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயர். அந்தப் பிள்ளை தங்காமல் போனால் பெயரைச் சும்மா விடுவதில்லை, அடுத்துப் பிறக்கும் பையனுக்கு அதையே வைப்பார்கள். இரண்டு ஜேம்ஸ் இருந்தார்கள் என்பது என் கட்சி. முதல் ஜேம்ஸ் இறந்த பிறகு பிறந்தவர் உங்கள் அப்பா என்றால், என் அப்பாதான் மூத்தவர்.

ஒரே ஒரு கேள்வி. உங்கள் தகப்பனார் பிறந்தது எந்த வருடம்? மகனுக்குத் தெரியாமல் இருக்காது.

1861-ஐயும் குறித்து வந்தேன். அது அடுத்த கடிதத்தில்.

கிரிசெல் இம்லாக்


ஓமாரு
20 பிப்ரவரி 1957

அன்புள்ள கிரிசெல்,

1851-இல் கணக்கெடுத்தவர் குடித்திருந்தார் என்பது என் கட்சி. மார்ச் மாதம், அந்தக் கரையில், வீடு வீடாகப் போக வேண்டிய மனிதர். வீட்டுக்கு ஒரு கோப்பை என்று வைத்துக்கொண்டாலும் இம்லாக் வீட்டுக்கு வரும்போது அவருக்கு ஏழும் பதினைந்தும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

அப்பா பிறந்த வருடம் கேட்கிறீர்கள். குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஈரம் பட்டிருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இப்போது இங்கே மழை.

நீங்கள் 1861-ஐ மட்டும் பார்த்தால் போதாது. தேவாலய மூப்பர்கள் கூடி எழுதிவைத்த குறிப்பேடுகள் உங்கள் ஊரிலேயே இருக்குமே? அவற்றையும் பாருங்கள். ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். அவசரப்பட வேண்டாம். இது சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம்.

உங்கள் கடிதம் வருகிற நாளில் தபால்காரன் சைக்கிளை நிறுத்தாமல் மணியை மட்டும் இரண்டு தடவை அடிக்கிறான். அடித்தால் நான் தெரிந்துகொள்வேன் என்று அவனாகவே வைத்துக்கொண்ட ஏற்பாடு. முன்பெல்லாம் என் வாசலில் அவன் மணி அடித்ததே இல்லை.

முன்னறையில் தீ மூட்டினீர்களா?

வால்டர்


போர்ட்கார்வி
24 மார்ச் 1957

அன்புள்ள வால்டர்,

முன்னறையில் தீ மூட்டினேன். புகைபோக்கியில் காக்கைக் கூடு இருந்தது. இரண்டு நாள் வீடு முழுக்கப் புகை. இப்போது சரியாகிவிட்டது.

நீங்கள் கேட்டது: 1861. தாத்தா, பாட்டி, வில்லியம் இருபத்திரண்டு, ஜேம்ஸ் பதினேழு, தங்கைகள் நால்வர், வலை பின்ன வந்த ஒரு பெண். மொத்தம் ஒன்பது பேர். அந்த வருடத்திலிருந்து வீட்டில் ஜன்னல் உள்ள அறை எத்தனை என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்று. இரண்டு சகோதரர்களும் ஒரே கூரையின் கீழ் எழுதப்பட்டது அதுதான் கடைசி. அடுத்த வருடம் உங்கள் அப்பா கப்பலில். என் அப்பா பிற்பாடு கட்டிய இந்த வீட்டில் ஜன்னல் உள்ள அறைகள் நான்கு. இப்போது கணக்கெடுத்தால் ஆள் ஒன்று.

மூப்பர்களின் குறிப்பேட்டையும் பார்க்கிறேன். சபைச் செயலாளர் மேர் அதைத் தன் வீட்டில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போகிறேன். முதல் வாரம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் கேட்டார்:

“இன்னுமா கிடைக்கலை, கிரிசெல்?”

“ஒவ்வொரு பக்கமாப் பாக்கச் சொல்லியிருக்காங்க.”

“யாரு?”

“எங்க அண்ணன்.”

“உனக்கு ஏது அண்ணன்?”

“இருக்காரு. நியூசிலாந்துல.”

மேரின் மனைவி உடனே எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினாள். மூளை குழம்பியவர்களுக்கு இந்த ஊரில் செய்கிற முதல் சிகிச்சை அது.

நம் தாத்தா 1838-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வலையைக் காயவைத்ததற்காக மூப்பர்கள் முன் நிறுத்தப்பட்டிருக்கிறார். “வலை தானாகத்தான் காய்ந்தது, நான் காயவைக்கவில்லை” என்று வாதாடியிருக்கிறார். கண்டிக்கப்பட்டார். அவர் குடிக்காத நேரத்தில்தான் இதைச் சொல்லியிருக்கிறார் என்று குறிப்பேடு தனியாகச் சாட்சி சொல்கிறது. உங்கள் கடிதங்களின் பாணி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

இன்னும் பார்க்க வேண்டிய பக்கங்கள் இருக்கின்றன. எடின்பரோவுக்கு மறுபடி போகலாம் என்றிருந்தேன். டாக்டர் ரயில் பயணம் கூடாது என்கிறார், மாடிப்படியும் கூடாதாம். கட்டிலைக் கீழே இறக்கி முன்னறையில் போட்டுக் கொடுத்தார்கள். வசதியாக இருக்கிறது. கணப்பு பக்கத்திலேயே.

பைபிளை வெளிச்சத்தில் பார்த்தீர்களா?

கிரிசெல்


ஓமாரு
13 ஏப்ரல் 1957

அன்புள்ள கிரிசெல்,

பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் ஈரமும் இல்லை, இங்கே மழையும் இல்லை. எழுத்து தெளிவாக இருக்கிறது. ‘ஜேம்ஸ் இம்லாக், பிறப்பு 14 ஆகஸ்ட் 1843, போர்ட்கார்வி.’ என் அப்பாவின் சொந்தக் கையெழுத்து. உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே எடுத்துப் பார்த்தேன். அதற்கு முன்பும் எனக்குத் தெரியும்.

அப்பா ஊரைப் பற்றி ஒரே வாக்கியம் சொன்னார் என்று எழுதியிருந்தேன். இரண்டு. இன்னொன்று, எனக்கு ஒன்பது வயதில், அண்ணனின் பழைய கால்சட்டையைப் போட மாட்டேன் என்று நான் அடம் பிடித்தபோது சொன்னது. “உனக்காவது கால்சட்டை மட்டும். எனக்குப் பேரே அண்ணனோடது. அவன் பாதி போட்டுட்டு விட்டது.” முதல் ஜேம்ஸ் இருந்தான், இறந்தான். உங்கள் அப்பாதான் மூத்தவர். எனக்குப் பெரியப்பா. கல்லறை உங்களுடையது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அக்டோபரில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் நீங்கள் நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுதியிருப்பீர்கள். ஒழுங்கானவர், நிச்சயம் எழுதியிருப்பீர்கள். அதோடு முடிந்திருக்கும். மறுத்து எழுதினால் இன்னும் ஒன்று வரும் என்று கணக்குப் போட்டேன். மூன்று வந்திருக்கின்றன. ஆனால் கட்டிலைக் கீழே இறக்கினார்கள் என்று படித்ததும் கணக்கை நிறுத்திவிட்டேன்.

படிவத்தில் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன். பைபிள் பக்கத்தின் நகலும், இங்குள்ள நோட்டரி சான்றளித்தது, கூடவே இருக்கிறது. நோட்டரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எதையாவது விக்கறீங்களா வால்ட்?” என்று கேட்டார். “இல்ல, திருப்பிக் கொடுக்கறேன்” என்றேன்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் ரயில்வே ஊழியர் வரிசையில் ஒரு மூலை தருகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் சரக்குக் கிடங்கு தெரியும்.

டாக்டர் சொல்கிறபடி கேளுங்கள்.

உங்கள் தம்பியா அண்ணனா என்று தெரியாத,
வால்டர்


போர்ட்கார்வி
6 மே 1957

அன்புள்ள வால்டர் அண்ணனுக்கு,

அப்பாக்களில் யார் மூத்தவராக இருந்தாலும் நம் இருவரில் நீங்கள்தான் மூத்தவர். அதில் ஆவணம் தேவையில்லை.

எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எடின்பரோவில் நான் சென்சஸை மட்டும் பார்க்கவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டையும் அன்றே பார்த்தேன். 1843 ஆகஸ்ட், ஜேம்ஸ், அலெக்சாண்டர் இம்லாக்கின் மகன். ஜனவரி இருபத்து மூன்றாம் தேதியே அது பென்சிலில் என் நோட்டில் இருந்தது. உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தேதான் உங்களைக் கேட்டேன்.

மூப்பர்களின் குறிப்பேட்டிலும் மார்ச் எட்டாம் தேதி, இரண்டாவது வெள்ளிக்கிழமையே கிடைத்துவிட்டது. அந்தக் காலத்தில் சாவுகளை இங்கே யாரும் பதிவு செய்யவில்லை. ஆனால் பெட்டியின் மேல் போர்த்தும் கறுப்புத் துணி தேவாலயத்தின் சொத்து. யாருக்குக் கொடுத்தார்கள் என்று மட்டும் எழுதிவைப்பார்கள். பெரியவர்களுக்குப் பெரிய துணி, குழந்தைகளுக்குச் சின்னது. ‘1842 மார்ச் 11. சின்னத் துணி, அலெக்சாண்டர் இம்லாக்கின் பிள்ளைக்கு.’ அந்த மாதம்தான் தாத்தா கல்லறையை வாங்கியிருக்கிறார். அந்தப் பையனுக்காகத்தான் வாங்கியிருக்கிறார். கல்லில் அவன் பெயர் இல்லை. கல் வைப்பதற்குள் பெயர் உங்கள் அப்பாவுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகும் இரண்டு வெள்ளிக்கிழமை மேர் வீட்டுக்குப் போய், பார்த்த பக்கங்களையே பார்த்துவிட்டு வந்தேன். உங்களுக்கு ‘இன்னும் பக்கங்கள் இருக்கின்றன’ என்று எழுதினேன். இருந்தன. வேறு குடும்பங்களுடையவை.

உங்கள் படிவம், பைபிள் நகல், என் நோட்டு மூன்றையும் டாட் பைரியின் வண்டியில் போய் கவுண்டி அலுவலகத்தில் கொடுத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. திரு. ஸ்ட்ரான் படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“மத்ததெல்லாம் எதுக்கும்மா? அதான் கையெழுத்து வந்துடுச்சே.”

“எங்கப்பா மூத்தவர்னு இதுல இருக்கு.”

“இருக்கட்டும். ஆனா ஜேம்ஸ் வாரிசு விட்டுக்கொடுத்ததா ஃபைல்ல எழுதியாச்சு. இப்ப மூத்தவர மாத்தினா, அவர் விட்டுக்கொடுக்கறதுக்கு என்ன இருந்துச்சுன்னு ஆடிட்ல கேப்பாங்க.”

ஆகவே கவுண்டி அலுவலகத்தைப் பொறுத்தவரை உங்கள் அப்பாதான் இன்றைக்கும் மூத்தவர். நான் வற்புறுத்தவில்லை. இடம் என் பெயருக்கு வந்துவிட்டது.

திரும்பும் வழியில் தச்சர் கால்ட் கடையில் இறங்கினேன். இந்த ஊரில் மேசையும் அவர்தான் செய்வார், பெட்டியும் அவர்தான் செய்வார். அளவெடுக்கும்போது இரண்டுக்கும் ஒரே பென்சில்தான். பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு, ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் ஆண் என்பது இங்கே முறை. உங்கள் பக்கம் எப்படியோ தெரியாது. பெயர்களை முன்கூட்டியே ஓர் அட்டையில் எழுதித் தர வேண்டும்.

“எட்டுப் பேர் சொல்லுங்க மிஸ் இம்லாக்.”

“ஒருத்தர் இருக்காரு.”

“மத்த ஏழு?”

“உங்க பட்டறையில ஏழு பேர் இல்லையா?”

“ஆறு பேர்தான். டாட் பைரிய வேணா கேக்கலாம். ஆனா அவன் மண்ணு தள்ளணும்.”

“தள்ளிட்டு வந்து பிடிக்கட்டும்.”

“பிடிச்சுட்டுத்தாங்க தள்ளணும்” என்றார். சரி என்றேன்.

தலைமாட்டில் இருப்பது முதல் கயிறு. அது மிக நெருங்கிய உறவினருக்கு உரியது. கால்ட் அட்டையில் ‘ஒன்று: வால்டர் இம்லாக், ஓமாரு, நியூசிலாந்து’ என்று எழுதி, மை காய்வதற்காகச் சுவரில் மாட்டினார்.

ஓமாருவிலிருந்து இங்கே வந்து சேர, கப்பல் நேரத்துக்கு வந்தால், முப்பத்தாறு நாள் ஆகும். இங்கே இறந்த நான்காம் நாள் அடக்கம். நீங்கள் கணக்குப் போடுகிறவர்.

கிரிசெல்